கடலா, கோட்டையா

சேருமிடம் என்று அச்சடித்திருக்கிற கட்டத்துக்கு நேரே பேனா நின்று அரை மணி நேரம் ஆகிறது. மேலே இருக்கிற கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டேன். பெயர், இந்திராணி. வயது, ஐம்பத்தெட்டு. கணவர் பெயர், வைத்திலிங்கம். அதற்கு முன்னால் காலஞ்சென்ற என்று சேர்க்க வேண்டும் என்று பிலோமினாக்கா விரலால் தட்டிக் காட்டினாள், சேர்த்தேன், இடம் போதாமல் அந்தச் சொல் கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. அவர் பார்த்திருந்தால் வேறு ஃபாரம் வாங்கி வரச் சொல்லியிருப்பார். பணி, ரயில்வே கார்டு, ஓய்வு. பாஸ் வகை, விதவை பாஸ். அதையும் எழுதியாயிற்று, அவ்வளவு சுலபமாக எழுத வந்தது எனக்கே பிடிக்கவில்லை. இந்த ஊர்ப் பெயர் ஒன்றுதான் வரமாட்டேன் என்கிறது. டிவிஷன் ஆபீஸின் பாஸ் செக்‌ஷன் வராந்தாவில் நீள பெஞ்சு, எனக்கு முன்னால் பதினொரு பேர், ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இன்று வெள்ளிக்கிழமை. நாளையும் மறுநாளும் ஆபீஸ் கிடையாது, அதோடு வருஷம் முடிகிறது, வருஷம் முடிந்தால் இந்த வருஷத்து இலவச ரயில் பாஸ் போயிற்று. போனால் போகட்டும் என்று காலையில் சொல்லிப் பார்த்தேன். “ஏண்டி, அந்த மனுசன் முப்பத்தஞ்சு வருசம் பிரேக் வேன்ல குலுங்கிக் குலுங்கிச் சேத்து வச்சது இது. நீ சும்மா விட்டுட்டா அவருக்கு நல்லாருக்குமா? எந்திரி” என்று பிலோமினாக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் எங்கள் காலனிக்காரி, எனக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே இந்தப் பாஸுக்கு வந்தவள். அவளுக்குக் கவலையே கிடையாது. வருஷா வருஷம் செகந்திராபாத், தங்கச்சி வீடு. எழுதிக் கொடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். “ரெண்டு ஊர்ல ஒண்ண எழுத இம்புட்டு நேரமா? அது என்ன ஊருடி அப்படி?” என்கிறாள். ஒன்று கோவா, இன்னொன்று ஜெய்ப்பூர் என்றால் இந்த வராந்தாவே கேட்கச் சிரிப்பாள், அதனால் சொல்லவில்லை.

கோவா, ஜெய்ப்பூர். கடலா, கோட்டையா. பேர் போட்டுச் சொல்லமாட்டார், இப்படித்தான் கேட்பார், வருஷம் பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை, சவரம் செய்த முகத்தோடு, ரயில்வே டைம்டேபிளை மடியில் வைத்துக்கொண்டு. “இந்த வருசம் எங்க போறோம்? கடலா, கோட்டையா?” நான் உளுந்து களைந்துகொண்டோ, மகள் மதிவதனிக்குத் தலை பின்னிக்கொண்டோ, “உங்க இஷ்டம்” என்பேன். “எனக்கென்ன, நான்தான் தினம் ரயில்ல போறேனே. உன் இஷ்டம்” என்பார். “உங்க இஷ்டம்தான் என் இஷ்டம்.” “அதெல்லாம் இல்ல, நீ சொல்லு.” முப்பத்தொரு வருஷம். யாராவது ஒளிந்திருந்து கேட்டிருந்தால் என்ன பாந்தமான புருஷன் பெண்டாட்டி என்று கண் பட்டிருக்கும். பாந்தம் என்ன பாந்தம், இரண்டு பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. நான் இதைச் சொன்னால் அவருக்கு அது பிடிக்காமல் இருந்து, எனக்காக முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு வருவாரோ என்று எனக்குப் பயம். அவருக்கும் அதே பயமாக இருந்திருக்கும். இருந்திருக்கும் என்றுதான் சொல்ல முடிகிறது. கூட வாழ்ந்தவருக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வெண்டைக்காய் பிடிக்காது தெரியும், வலது காலில் ஆணி இருந்தது தெரியும், தும்மினால் மூன்று, நாலாவது வராது, எல்லாம் தெரியும். கடலா கோட்டையா தெரியாது. கல்யாணமான மூன்றாம் வருஷம் பாத்திரக் கடையில் கொடுத்த காலண்டரில் ஜெய்ப்பூர் அரண்மனை, ரோஜா நிறத்தில், உடம்பெல்லாம் ஜன்னலாக. அடுப்படியில் மாட்டினார். வருஷம் முடிந்தும் அவர் கழற்றவில்லை, அவருக்கு ஆசை போலிருக்கிறது என்று நானும் கழற்றவில்லை. குழம்பு கொதிக்கிற நேரத்தில் அந்த ஜன்னல்களை எண்ணுவேன், ஒரு தடவைகூடக் கணக்கு ஒத்துவந்ததில்லை. “இவ்ளோ ஜன்னல் எதுக்காம், தெரியுமா? ராணிங்க வெளிய வராம உள்ள இருந்தே தெருவப் பாக்கறதுக்காம்” என்று ஒரு நாள் சொன்னார். “பாவம்” என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். நான் கழற்றாததைப் பார்த்து எனக்குத்தான் ஆசை என்று அவர் நினைத்திருந்தால்? இப்படி யோசித்தால் தலை சுற்றுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அந்த அரண்மனை இப்போது காவி நிறமாகிவிட்டது, இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

வரிசை நகர்கிறது, பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தேன். எத்தனை பாஸ். ஒன்றுகூட வீணாகப் போனதில்லை, அதுதான் வேடிக்கை. ஒரு வருஷம் நாத்தனார் மகள் கல்யாணம், ஒரு வருஷம் அவர் அண்ணனுக்கு வேலூரில் ஆபரேஷன், திருப்பதி, பழனி, மதிவதனிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனது, அவள் பிரசவம். யாராவது ஒருத்தருக்காக எங்கேயாவது போய் இறங்கி, சமைத்துப் போட்டு, பாத்திரம் தேய்த்து, திரும்பி வந்தோம். கடலுக்கும் போகாமல் இல்லை. ராமேஸ்வரம் மூன்று தரம். எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கடல் என்றால் காரியம். ஐயர் சொல்கிறபோது இறங்க வேண்டும், சொல்கிறபோது ஏற வேண்டும். சும்மா மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறதற்கென்றே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஒரு வேண்டுதலும் கிடையாது, ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று அவரோடு வேலை பார்த்த கார்டு ஒருத்தர் போய்வந்து சொன்னாராம். “சும்மாவே உக்காந்திருக்கலாமாம் இந்திரா” என்று என்னிடம் வந்து அதிசயமாகச் சொன்னார். மாமனார் காரியத்துக்குப் போனபோது அவர் முழங்கால் தண்ணீரில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அலை திரும்பிப் போகிறபோது காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போயிற்று, உள்ளங்காலில் குறுகுறுவென்று, யாரோ விளையாட்டுக்குக் காலை வாரின மாதிரி, நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாமியார் திரும்பிப் பார்த்தார். ஐயர் பார்த்தார். செத்தவருக்குத் தண்ணீர் விடுகிற இடத்தில் மருமகள் சிரிக்கிறாள். வெட்கத்தில் எனக்கு உடம்பு சுருங்கிவிட்டது. திரும்பி வருகிறபோது ரயிலில் அவர் மெதுவாகக் கேட்டார், “எதுக்குச் சிரிச்ச?” “ஒண்ணுமில்லீங்க” என்றேன். ஒன்றுமில்லையா? அந்த ஒரு நிமிஷம் மாதிரி அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. இன்னொரு தடவை அப்படி நிற்க வேண்டும், பக்கத்தில் யாரும் அழாமல், புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, இந்த வயதில் இது என்ன கூத்து என்று யாரும் கேட்காமல். இதுதான் என் இஷ்டம். இதோ, பாஸ் செக்‌ஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்க வேண்டியவர் போய் ஒன்பது மாசம் கழித்து, சொல்லிவிட்டேன். இரு, இரு. ஒன்று ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னால் அவர் கோட்டையா கடலா என்றுதான் கேட்பார். ஆமாம். காலண்டர் மாட்டின வருஷத்திலிருந்து அப்படித்தான், கோட்டைதான் முதலில். மாமனார் காரியத்துக்கு ராமேஸ்வரம் போய்வந்ததற்கு அடுத்த வருஷம்தான் கடலா, கோட்டையா ஆயிற்று. கவனிக்கவே இல்லையே நான்.

“இன்னும் எழுதலியா நீ?” என்று பிலோமினாக்கா எட்டிப் பார்க்கிறாள். “கட்டத்தக் காலியா குடுத்தா அந்தப் பொண்ணு திருப்பிருவா, ஆமா.” காலியாக விடக் கூடாது என்று எனக்கா சொல்ல வேண்டும்? கார்டு பெண்டாட்டி நான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வந்த நேரம், போன நேரம், நின்றால் ஏன் நின்றது, எல்லாம் அந்த நோட்டில் கட்டம் கட்டமாக எழுதுவார். ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுவார், இல்லாவிட்டால் ஒரு கோடாவது போடுவார். “வெறுங்கட்டமா விட்டா மறந்துட்டான்னு அர்த்தம் ஆயிடும். கேள்வி கேட்டு மெமோ வரும்” என்பார். மதிவதனி பள்ளிக்கூட ஃபாரத்தில்கூட அடையாள மச்சம் என்ற இடத்தில் ‘தேடிப் பார்த்தோம், இல்லை’ என்று எழுதிக் கொடுத்து, டீச்சர் சிரித்து, அவள் வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. அவர் வேலையே பின்னால் பார்க்கிற வேலை. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கடந்து போன பிறகு பார்ப்பார். இப்போது நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கடைசி வாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மார்ச் மாசம் அந்த வாரம் மூன்று தடவை அடுப்படி வாசலில் வந்து நின்றார். எண்ணி வைத்திருக்கிறேன், மூன்று தடவை. நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார், நான் திரும்பிப் பார்த்து “என்ன?” என்பேன், “ஒண்ணுமில்ல” என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாவது தடவை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன், டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. நெஞ்சு வலி முன்னாலேயே இருந்திருக்கும், சொல்லியிருப்பாரே என்றார் டாக்டர். சொல்லவில்லையே. சொல்லத்தான் வந்து வந்து நின்றாரா? வலிக்கிறது என்று சொல்ல வந்த மனிதரை என்ன என்று ஒரே சொல்லில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பி அனுப்பினேனா? ஒன்பது மாசமாக இந்தக் கேள்விதான் என்னோடு சாப்பிடுகிறது, என்னோடு துணி துவைக்கிறது. மதிவதனியிடம் சொல்லவில்லை, பிலோமினாக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர்.

ஏன் அந்த வாரம் என்னிடம் சொல்லப் பயந்தார் என்று கேட்டால் அதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரை வருவேன், அதற்கு மேல் போகமாட்டேன், வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். முறுக்கு வாசனை. ஜன்னலுக்கு மேலே ஓடுகிற மின்விசிறியில் ஒரு ரெக்கை வளைந்திருக்கிறது. அந்தப் பெண், ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற சுகிர்தா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறாள். சரி, சொல்லிவிடுகிறேன், யாருக்குக் கேட்கப் போகிறது. அவர் ஓய்வு பெற்றுப் பத்து மாசம். வீட்டில் இருக்கத் தெரியாத மனிதர். நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவார், டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுவார், குழாயை யார் சரியாக மூடவில்லை என்று விசாரணை வைப்பார். அந்தச் செவ்வாய் காலையில் மோட்டார் ஓடவில்லை, பாத்திரம் மலையாகக் கிடந்தது, மதிவதனி போனில் அவள் மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் அழுது முடித்திருந்தாள். இவர் டைம்டேபிளை விரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வந்து நின்றார். “இந்த வருசம் ஒரு வேலையும் இல்ல இந்திரா, ஒரு சாக்கும் இல்ல. நீயே சொல்லிடு. கடலா, கோட்டையா?” முகம் அப்படி இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த மாதிரி. நான் சொன்னேன், “நாள் பூரா என் காலையே சுத்திச் சுத்தி வரீங்க. எனக்கு எங்கயும் வேணாம். நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நானாவது நாலு நாள் நிம்மதியா இருக்கேன்.” சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவர் டைம்டேபிளை மடித்தார், அதில் ஒரு பக்கத்தின் முனை மடங்கியிருந்தது, அதை நிதானமாக நிமிர்த்தி விட்டு மடித்தார். “சரி” என்றார். அதற்கப்புறம் பதினோரு நாள். சண்டையும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பதினோராம் நாள் அவர் மட்டும் போய்விட்டார். நாலு நாள் நிம்மதி கேட்டேன், ஒன்பது மாசமாக வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது, குழாயை யார் மூடவில்லை என்று கேட்க ஆளில்லை.

“இந்திராணி, உன் பேருதான், போ” என்று பிலோமினாக்கா முதுகில் கை வைத்துத் தள்ளினாள். ஜன்னலில் ஃபாரத்தை நீட்டினேன். சுகிர்தா கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். “அம்மா, சேருமிடம் எழுதலியே” என்றவள் கணவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். “மெயில் கார்டு வைத்திலிங்கம் சாரா? நீங்க அவரு வீட்டம்மாவா? அவரு தவறினது எனக்குத் தெரியவே தெரியாதும்மா, மார்ச்சுலதானே வந்துட்டுப் போனாரு.” மார்ச்சில் இங்கே வந்தாரா? அவள் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு கட்டை எடுத்து வந்து புரட்டினாள். “சேருமிடம் இல்லாம பாஸ் எழுத முடியாது சார்னு சொன்னேன். இங்கயே இருக்கட்டும், ரெண்டு நாள்ல வந்து சொல்றேன்னு குடுத்துட்டுப் போனாரு. அப்புறம் வரவே இல்ல.” கிளிப்பிலிருந்து உருவி என் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கையெழுத்து. ஒரு எழுத்துகூடக் கட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. பயணம் செய்வோர், தானும் மனைவியும். மனைவி பெயர், இந்திராணி. தேதி, மார்ச் பதினாறு. செவ்வாய் பதினாலு. நீங்க மட்டும் போயிட்டு வாங்க என்று நான் சொல்லி இரண்டு நாள் கழித்து, பஸ் ஏறி இங்கே வந்து, தானும் மனைவியும் என்று எழுதியிருக்கிறார். சேருமிடம் என்கிற கட்டத்தில் பேனா இல்லை, பென்சில். அழித்து எழுத வசதியாக இருக்கட்டும் என்று பென்சில். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.’

அப்படியென்றால் அடுப்படி வாசல். நிலையில் ஊன்றின கை. என்ன, ஒண்ணுமில்ல, தண்ணீர். வலியைச் சொல்ல வரவில்லை. இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை, வீட்டில் கேட்க. நான் இன்னொரு தடவை எரிந்து விழுவேனோ என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். இது ஆறுதலா? ஒன்பது மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது, அந்த இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அழுதேன். பாஸ் செக்‌ஷன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு, பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க அழுதேன். அவருக்கு எது இஷ்டம் என்று இந்தக் காகிதத்திலும் இல்லை. என்னைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. “அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள் சுகிர்தா. வேண்டாம் என்றேன். “இத நான் எடுத்துக்கட்டுமா?” என்றேன். அவள் சங்கடப்பட்டாள். “ஃபைல்ல இருக்கணும்மா. ஆடிட்ல கேப்பாங்க.” சரிதான், அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். “ஒரு பென்சில் குடும்மா” என்றேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள், துண்டுப் பென்சில், பின்பக்கம் கடித்து வைத்திருந்தது. அவர் எழுதினதற்குக் கீழே, அதே கட்டத்துக்குள், இடம் போதுமாறு சின்னதாக எழுதினேன். ‘கடல்.’ சுகிர்தா அதைப் பார்த்தாள், கட்டுக்குள் வைத்துக் கிளிப்பை மாட்டினாள். அப்புறம் என் ஃபாரத்தை எடுத்துப் பேனாவால் வாஸ்கோ, கோவா என்று எழுதினேன். பயணம் செய்வோர் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே இன்னொரு கட்டம் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்று அதில் ஒரு கோடு போட்டேன். சுகிர்தா முத்திரை குத்தி, நேரம் பார்த்து, ஜன்னலைச் சாத்த எழுந்தவள் நின்றாள். “தனியாவாம்மா?” என்றாள். “ஆமா” என்றேன். “அதனால என்னம்மா, பத்திரமா நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்றாள்.